பன்னிரண்டாவது ஊசி

என்னிடம் பன்னிரண்டு தையல் ஊசிகள் இருந்தன. உள்ளங்கை அளவு சிவப்புக் கம்பளித் துணியில் நீளத்தின் வரிசைப்படி குத்திவைத்திருப்பேன். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எண்ணியபோது பதினொன்றுதான் இருந்தன. மறுபடி எண்ணினேன். மிக நீளமான ஊசியின் இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் மட்டும் இருந்தன.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மூன்று வாரமாகத் தையல் மேசையாக இருந்தது. அன்று காலைதான் அதை ஒழிக்கத் தொடங்கியிருந்தேன். எல்லாப் பரிசுகளும் தைத்து முடிந்திருந்தன. முந்தின ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பாதிப் பரிசுகளைக் கொடுத்தும் ஆகிவிட்டது.

அந்த ஆண்டு எங்கள் செபக்குழுவில் ஒரு முடிவு எடுத்திருந்தோம். கிறிஸ்துமஸ் பரிசு எதையும் கடையில் வாங்கக் கூடாது. வீட்டில் சும்மா கிடப்பதிலிருந்து கையால் செய்ய வேண்டும். முடிவைக் கேட்டு மற்றவர்கள் திகைத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, காரணம் எங்கள் துணி அலமாரி. புதுவீடு போனபோதும், வெள்ளிவிழாத் திருமண நாளுக்கும், ஞானஸ்நானங்களுக்குப் பதில் மரியாதையாகவும் எங்களுக்கு வந்ததில் பெரும்பாலும் படுக்கை விரிப்புகள். சிராங்கூன் சாலைக் கடைகளில் கூரைவரை அடுக்கியிருப்பார்களே, மயில் போட்டது, ரோஜா போட்டது, கூடவே இரண்டு தலையணை உறையோடு, அவைதான். யார், எப்போது கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றிலும் சிறு சீட்டு எழுதிச் செருகிவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கட்டில்.

ஆகவே வெட்டினேன். மேசை விரிப்பு ஒன்று இரண்டு சமையல் ஏப்ரன் ஆயிற்று. தலையணை உறைகள், வாயில் கயிறு கோத்த காய்கறிப் பைகளாயின. தடித்த துவாலைகளில் அரிசியை நிரப்பி, கழுத்துவலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பைகள் தைத்தேன். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் அரைமணி நேரம் சூடு நிற்கும். ஒரே ஒரு பொம்மை செய்தேன். அது சாம்பல் நீலத் தலையணை உறையில் ஒரு யானை.

அந்த யானை ஓர் ஆறு மாத ஆண் குழந்தைக்கு. அவனுடைய அப்பா அம்மா நாகர்கோவில் பக்கம். அப்பாவுக்கு இங்கே பொறியாளர் வேலை. பாசிர் ரிஸில் வாடகை வீடு. அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் செபக்குழுவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது, என்னை அக்கா என்று கூப்பிடுவாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறார்கள், வியாழக்கிழமை விடிகாலை விமானம். அதனால்தான் யானையை முன்கூட்டியே ஞாயிறன்று கொடுத்தேன்.

குழந்தை விழுங்கிவிடக் கூடாது என்று பொத்தான் கண்கள் வைக்கவில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய கறுப்பு நூலால் கண்களைத் தைத்தேன். சாயம் போகிறதா என்று துணியை இரண்டு முறை துவைத்துப் பார்த்தேன். உள்ளே நிரப்பிய பஞ்சைக்கூட வெயிலில் காயவைத்தேன். இவ்வளவு பார்த்தவள் நான்.

காணாமல்போன ஊசியை எதற்குப் பயன்படுத்தினேன் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பஞ்சு அடைத்த கனமான உடம்பில் காதுகளைச் சேர்க்க அந்த நீள ஊசிதான் எட்டும். டைரியைத் திறந்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘மாலை 4.20. யானை முடிந்தது. நடுவில் போன்.’

அந்த போன் நினைவுக்கு வந்தது. தேக்கா ஈரச் சந்தையின் மீன்கடையிலிருந்து என் கணவர்.

“திருக்கை நல்லா இருக்கு. வாங்கவா?”

“முள்ளு இல்லாம வெட்டித் தரச் சொல்லுங்க.”

“திருக்கைக்கு ஏதும்மா முள்ளு? அதுக்குத்தானே உனக்கு வாங்குறேன்.”

போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அது மணியடித்ததும், கையிலிருந்த ஊசியை யானையின் கழுத்திலேயே குத்திவிட்டு எழுந்து போனேன். தைக்கிற எல்லோரும் செய்வதுதான். ஊசியைக் கீழே வைத்தால் தொலைந்துபோகும், தைக்கிற பொருளிலேயே குத்திவைத்தால் கண்ணெதிரே இருக்கும். திரும்பி வந்தபோது நூல் தீர்ந்திருந்ததால் வேறொரு ஊசியில் நூல் கோத்துக்கொண்டேன். மீதிப் பஞ்சை அடைத்தேன். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி அழுத்தி அடைத்தேன். வயிற்றை மூடித் தைத்தேன்.

என் கட்டைவிரலைப் பார்த்தேன். அதுதான் ஊசியை உள்ளே தள்ளியிருக்க வேண்டும்.

ஆறு மாதக் குழந்தைக்குக் கை இருப்பதே எதையாவது வாய்க்குக் கொண்டுபோகத்தான். ஞாயிறன்று நான் யானையைக் கொடுத்த அந்த நிமிடமே அவன் தும்பிக்கையை வாயில் வைத்துச் சப்பினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய். இது மூன்றாம் நாள்.

இருந்தாலும் மனம் வேறு இடங்களில் தேடச் சொன்னது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி, மண்டியிட்டுத் தரை முழுவதும் இழுத்தேன். இரண்டு குண்டூசியும் ஒரு கொண்டை ஊசியும் கிடைத்தன. மேசைக்கடியில் என் தலையைப் பார்த்துவிட்டு என் கணவர் குனிந்தார்.

“என்ன தேடுறே?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததில் என் பயம் இரட்டிப்பாயிற்று.

“மத்ததுல இருக்கலாம்ல? யானையிலதான்னு என்ன நிச்சயம்?” என்றார்.

அதையும் பார்த்துவிடலாம் என்று கீழ்மாடிக்கு ஓடினேன். அங்கே இருக்கும் தமிழ் முஸ்லிம் அம்மாவை நாங்கள் லாத்தா என்போம், அவருக்கு ஒரு அரிசிப் பை கொடுத்திருந்தேன். கதவைத் திறக்கும்போதே அது அவர் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் பாம்பை உதறுவதுபோல அதைக் கழற்றி என்மேல் போட்டார்.

“என்னா புள்ள நீ! என் கழுத்த அறுக்கவா பரிசு குடுத்தே?”

“இருக்கோ இல்லையோ தெரியல லாத்தா. சும்மா பாக்கத்தான் வந்தேன்.”

அமுக்கிப் பார்த்தோம். அரிசி மட்டும்தான் நெறுநெறுத்தது. லாத்தா கொஞ்சம் யோசித்தார். “இத நேத்து மூணு தடவ மைக்ரோவேவ்ல வச்சேன் லா. உள்ள இரும்பு கிடந்தா பொறி பறந்திருக்காதா?” என்றார். அவர் சொன்னது சரிதான். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கழுத்தில் போடாமல் ஒரு விரலில் தூக்கிப் பிடித்தபடி கதவைச் சாத்தினார்.

ஒவ்வொரு பரிசிலும் ஊசி இல்லை என்று உறுதியாக உறுதியாக, மிச்சமிருந்த ஒன்றின்மேல் பாரம் ஏறியது. ஏப்ரனிலும் காய்கறிப் பையிலும் ஊசி ஒளிய இடமே இல்லை. மதியம் பன்னிரண்டரைக்குள் யானை மட்டும்தான் பாக்கி.

பாசிர் ரிஸுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. குழந்தை தூங்கினால் அவள் போனின் சத்தத்தை அணைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தேன், பதிலில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. படுக்கை விரிப்பில் ஆரம்பித்து, பன்னிரண்டு ஊசி, திருக்கை மீன், போன் மணி என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில், யானையை உடனே குழந்தையிடமிருந்து எடுத்து மேலே வைத்துவிடுங்கள் என்று முடித்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுத்தில் ஒரு வரி அனுப்பினேன்: “ஊசிய எடுத்துட்டீங்களா? உடனே சொல்லுங்க.”

இரண்டு மணிக்குப் பதில் வந்தது. “எடுத்தாச்சுக்கா, நேத்தே. ஒரே அழுகை.”

நேற்றே. நான் எண்ணுவதற்கு முன்பே ஊசி வெளியே வந்துவிட்டது. குழந்தை அழுதிருக்கிறான். அப்படியானால் குத்தித்தான் வெளியே வந்திருக்கிறது. “எங்க குத்துச்சு?” என்று கேட்டேன்.

“தொடையிலதான்கா. வீங்கியிருக்கு. ராத்திரி லேசா காய்ச்சல். டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டார். தூங்குறான், அப்புறம் பேசுறேன்கா.”

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. அவள் ஒரு வார்த்தை கோபமாக எழுதியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். டைரியில் திங்கட்கிழமைப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், காலியாக இருந்த கடைசி வரியில் எழுதினேன்: ‘யானையில் ஊசி. குழந்தையின் தொடையில் குத்தியது. காய்ச்சல்.’ எத்தனையோ பேருடைய பழைய நாட்குறிப்புகளை நூலகத்தில் எடுத்து வந்து ரசித்துப் படித்திருக்கிறேன். இப்படி ஒரு வரியை என் கையால் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

என் கணவர் சமாதானம் சொன்னார். “டாக்டரே பாத்துட்டாராம். நீ என்ன, டாக்டருக்கு மேலயா?”

“துருப்பிடிச்ச ஊசியா இருந்தா?”

“உன் ஊசியா? நீ ஊசிக்குக்கூட பவுடர் போட்டு வைக்கிற ஆளு.”

ஆனால் அவரும் அன்று, மீதித் திருக்கையில் வைத்த குழம்பைத் தொடவில்லை. நாளைக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று முடிவுசெய்தோம். வியாழன் விடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். மன்னிப்புக் கேட்காமல் அந்தக் கிறிஸ்துமஸை நான் தாண்ட முடியாது.

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு ரயில் ஏறினோம். குவீன்ஸ்டவுனிலிருந்து பாசிர் ரிஸ் ஒரே பச்சைக் கோடு, மாற வேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவ்வளவு நீளமான பயணமாக அது எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். காலாங்கில் ரயில் தரைக்கு மேலே வந்து வெளிச்சம் விழுந்தபோது, எதிர் இருக்கையில் ஒரு குழந்தை தன் அம்மாவின் சாவிக்கொத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டேன்.

அவள் கதவைத் திறந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“வாங்கக்கா, வாங்கண்ணே! வரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வீடு கிடக்கிற கிடைய பாருங்க.”

கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. அவள் கணவர் விடுமுறைக்கு முந்தின கடைசி நாள் வேலைக்குப் போயிருந்தார். சாக்லேட் பொட்டலங்களும் தைலப் புட்டிகளும் சோபாவை நிறைத்திருந்தன. அவற்றை ஒதுக்கி எங்களை உட்காரச் சொன்னாள். அந்த உபசரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நடந்தும் ஒரு பெண் இப்படிச் சிரிக்க முடியுமா?

“குழந்தைக்கு எப்படி இருக்கு?” என்றேன்.

“இப்ப தேவலைக்கா. வீக்கம் வடிஞ்சிருச்சு. உள்ள தூங்குறான்.”

“என்னை மன்னிச்சிருங்க தங்கச்சி. அந்த ஊசியால...” அழுதுவிட்டேன்.

அவள் பதறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஐயோ, என்னக்கா இது! ஊசிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எல்லாப் பிள்ளைக்கும் போடுறதுதான?”

நான் நிமிர்ந்தேன். என் கணவரும் நிமிர்ந்தார்.

“எந்த ஊசி?” என்றேன்.

“ஆறாம் மாசத் தடுப்பூசிதான்கா. திங்கக்கிழமை பாலிகிளினிக்ல போட்டோமே? நீங்கதான கேட்டீங்க, ஊசி எடுத்துட்டீங்களான்னு.”

இந்த ஊரில் நாங்கள் ஊசியை எடுப்போம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்: காய்ச்சல் ஊசி எடுத்தாச்சா, பிள்ளைக்கு ஊசி எடுக்கணும். தமிழ்நாட்டில் ஊசி போடுவார்கள், நாங்கள் எடுப்போம். இங்கே வந்த புதிதில் அது அவளுக்கு வேடிக்கையாக இருந்ததாம். இரண்டு வருடத்தில் எங்கள் பேச்சு பழகிப்போய், என்னிடம் பேசும்போது என் பேச்சிலேயே பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் முதல் முறையாக, ஊசியை எடுப்பது என்ற சொல்லை நான் அதன் நேர்ப் பொருளில் எழுதியிருந்தேன். அந்த ஒரு முறை அவள் என்னைச் சிங்கப்பூர்க்காரியாகவே படித்துவிட்டாள்.

“வாய்ஸ் மெசேஜ் கேக்கலையா?” என்றார் என் கணவர்.

“நாலு நிமிசம் இருந்துச்சுண்ணே. சாவகாசமா கேப்போம்னு...” சொல்லிக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தாள். “ஏன், அதுல என்ன?”

“யானை எங்க?” நான் எழுந்துவிட்டேன்.

“அவன்கிட்டதான். தும்பிக்கைய வாயில வச்சாத்தான் தூங்கவே செய்றான். ஏன்கா? அக்கா, என்ன?”

“அதுக்குள்ள ஊசி இருக்கு. தையல் ஊசி.”

அவள் ஓடியதை நான் பார்க்கவில்லை. நான் அறைக்குள் நுழையும்போது அவள் ஏற்கெனவே கட்டிலருகே நின்றிருந்தாள். குழந்தை ஒருக்களித்துக் கிடந்தான். யானையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தும்பிக்கையைப் பாதிவரை வாய்க்குள் வைத்திருந்தான். தூக்கத்திலேயே தாடை அசைந்துகொண்டிருந்தது. சட்டென்று இழுத்தால் உள்ளே இருப்பது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. இழுக்காமல் விட்டால் அடுத்த சப்பலில் என்ன ஆகும் என்றும் தெரியாது. அவள் கை நீண்டு, காற்றில் நின்றுவிட்டது.

பிறகு அவள் தன் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் மெதுவாகச் செருகினாள். பால் குடிக்கும் குழந்தையை மார்பிலிருந்து விலக்குவார்களே, அப்படி. உதடு தளர்ந்தது. இன்னொரு கையால் தும்பிக்கையை நேர்கோட்டில், துளியும் வளைக்காமல் வெளியே எடுத்தாள். குழந்தை விழித்துக் கத்தத் தொடங்கினான். அவன் வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், தொண்டை. என் கணவர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஒன்றுமில்லை. யானையை என் கையில் போட்டாள்.

அமுக்கிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. ஒரு கணம், இதில் இல்லையோ என்று நினைத்தேன். அப்படி இருந்துவிட வேண்டுமே என்று வேண்டினேன். அவள் பெட்டியிலிருந்து நகவெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வயிற்றுத் தையலைப் பிரித்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் எடுத்துப் போட்டேன். கழுத்துவரை காலியானதும் விரலை உள்ளே விட்டேன். தும்பிக்கை தொடங்கும் இடத்தில் என் விரல்நுனியில் குத்தியது. ஊசி தும்பிக்கையின் திசையில் நேராகப் படுத்திருந்தது. கூர் முன்பக்கம். எச்சிலில் நனைந்திருந்த துணிக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் அகலம் இருந்தது.

ஊசியை வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் வெளியே அழுதே செலவழித்துவிட்டிருந்தேன்.

குழந்தை நிறுத்தவே இல்லை. பால் கொடுத்தாள், தட்டிக்கொடுத்தாள், நடந்தாள். அவன் கண் தரையில் கிடந்த யானைத் தோலின்மேலேயே இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தேன்.

“எங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை. “அவனுக்கு அது வேணும். நாளைக்கு அஞ்சு மணி நேரம் பிளைட்ல நான் என்ன பண்ணுவேன்? தைங்க.”

“வீட்டுக்குப் போய் நல்லா...”

“இங்கயே. என் கண்ணு முன்னாடி.”

அவர்கள் வீட்டில் ஊசி நூல் கிடையாது. இருந்தது அந்த ஒரே ஊசி. பிரித்த தையலிலிருந்து மீந்த நூலை அதிலேயே கோத்தேன். மூன்று தடவை தவறி, நாலாவது தடவை நுழைந்தது. அவள் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். என் கணவர் கூடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பஞ்சை நான் கையில் எடுக்க எடுக்க, அவள் வாங்கி, ஒவ்வொரு பிடியையும் விரலால் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போகிற ஊசியையும் வெளியே வருகிற ஊசியையும் அவள் கண் விடவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று.

முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். அவள் உள்ளங்கையை நீட்டினாள். ஊசியை அதில் வைத்தேன். அவள் அதைக் கட்டிலோரம் கிடந்த காலித் தைலப் புட்டி ஒன்றுக்குள் போட்டு, மூடியைத் திருகினாள், மூடி சுற்றாத அளவுக்குத் திருகினாள்.

பிறகு யானையை எடுத்து, தும்பிக்கை நுனியிலிருந்து வால்வரை, ஓர் அங்குலம் விடாமல், தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒருமுறை முடித்து, திருப்பி மறுபக்கமும் அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னாள்.